ஆரம்பகால யுத்த தாங்கி மாதிரி: எங்கே பிழைக்கிறது, எப்படித் திருத்துவது

வாழைச்சேனையிலிருந்து அக்கரைப்பற்று வரை, முதலாம் உலகப் போர்க் காலத் தாங்கிகளின் சிறிய பிளாஸ்டிக் மாதிரிகளைக் கட்டும் இளைஞர்கள் பாதியில் நின்றுபோன வேலையைப் பையில் போட்டுக்கொண்டு என்னிடம் வருவார்கள். கொண்டுவருகிற பிழைகள் திரும்பத் திரும்ப ஒன்றாகவே இருப்பதால் அவற்றை அறிகுறி வாரியாக இங்கே எழுதுகிறேன். உங்கள் பிழை எதுவோ அந்தத் தலைப்புக்கு நேரே போங்கள். காசு செலவில்லாத சோதனை முதலில் வரும், செலவான மாற்றம் கடைசியில் வரும். அந்த வரிசையை மாற்றாதீர்கள்.

ஒன்றை மட்டும் எல்லோரும் மனதில் வைக்க வேண்டும். 1916இன் மார்க் 1 தொடக்கம் 1917இன் மார்க் 4 வரையான பிரித்தானியத் தாங்கிகள் சாய்சதுரப் பெட்டிகள். இரண்டு பக்கச் சட்டங்களையும் முழுதாகச் சுற்றிச் சங்கிலிப்பட்டை ஓடுகிறது. அந்தப் பெட்டி ஒரு நூல் கோணினாலும் பட்டை பொருந்தாது, பக்கக் கூண்டு (பக்கவாட்டில் துருத்தி நிற்கும் ஆயுத அறை) பொருந்தாது, கூரைத் தகடு பொருந்தாது. பாகம் பிழையாக வந்துவிட்டது என்று நினைக்கும் முன்பு உடலை அளந்து பாருங்கள்.

## எந்த மாதிரிப் பெட்டியை வாங்குவதென்று முடிவெடுக்க முடியவில்லை

முதலில் இடத்தைப் பாருங்கள். மார்க் 4 ஏறத்தாழ 8 மீற்றர் நீளம். 1/35 அளவில் (உண்மையின் முப்பத்தைந்தில் ஒரு பங்கு) அது 23 சென்றிமீற்றர், 1/72இல் 11 சென்றிமீற்றர். பிரெஞ்சு ரெனோ எஃப்டி வாலோடு சேர்த்து 5 மீற்றர். 1/35இல் 14 சென்றிமீற்றர்தான். அலுமாரியில் ஒரு சாண் இடமே இருக்கிறது, ஆனால் பெரிய அளவில் செய்ய ஆசை என்பவருக்கு ரெனோவைத்தான் சொல்வேன்.

அடுத்ததாகச் சங்கிலிப்பட்டையைப் பாருங்கள். பெட்டியின் பக்கத்திலோ விற்பவரின் படத்திலோ பட்டை ஒரே நீளமான இறப்பர் போன்ற துண்டா, தனித்தனித் தகடுகளா என்று தெரியும். முதல் மாதிரி கட்டுபவர் தனித்தகடு வாங்கினால் பாதியில் கைவிடும் ஆபத்து அதிகம். உற்பத்தியாளர்களில் எயார்ஃபிக்ஸின் 1/76 மார்க் 1, எம்ஹாரின் 1/72 மார்க் 4 போன்ற பழைய சிறிய பெட்டிகள் ஒரே துண்டுப் பட்டையோடு வருபவை. டக்கோமின் 1/35 மார்க் 4 தனித்தகடு. பழகிய கைக்கு அது பெரும் இன்பம்.

மூன்றாவது, வகை. 'ஆண்' தாங்கி என்றால் இரு பக்கமும் 6 பவுண்டர் பீரங்கி. 'பெண்' என்றால் இயந்திரத் துப்பாக்கிகள் மட்டும். பின்னால் இரண்டு திருப்புச் சக்கரங்கள் இருந்தால் அது மார்க் 1. பிரான்சின் கம்ப்ராய்ச் சமரில் 1917 நவம்பர் 20ஆம் திகதி இறங்கிய தாங்கியைக் கட்ட விரும்புபவர் அந்தச் சக்கரம் உள்ள பெட்டியை வாங்கக் கூடாது.

வெளிநாட்டிலிருந்து வரவழைப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். பசையும் ஸ்ப்ரே டப்பாவும் எரியக்கூடியவை, விமானத் தபாலில் அனுப்பமாட்டார்கள். பெட்டியோடு சேர்த்து ஓடர் கொடுத்துவிட்டுக் காத்திருக்காமல் பசையை நாட்டுக்குள்ளேயே தேடிக்கொள்ளுங்கள்.

## ஒட்டிய பாகம் கழன்று வருகிறது

கழன்ற முகம் பளபளவென்று இருக்கிறதா? பசை பிளாஸ்டிக்கைத் தொடவே இல்லை. வார்ப்பு அச்சிலிருந்து வந்த எண்ணெய்ப் படலம் அல்லது கை எண்ணெய் தடுத்திருக்கிறது. வார்ப்புச் சட்டத்தோடு (பாகங்கள் ஒட்டியபடி வரும் பிளாஸ்டிக் சட்டம்) முழுவதையும் இளஞ்சூட்டு நீரில், பாத்திரம் கழுவும் திரவத்தில் ஒரு துளி விட்டு, பழைய பல் துலக்கியால் தேய்த்துக் கழுவுங்கள். நிழலில் காயட்டும். தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைத்த கையோடு மேசையில் உட்கார வேண்டாம். இந்தப் பிழையோடு வருபவர்களில் பெரும்பாலானோருக்கு இந்தக் கழுவலே போதுமாக இருந்திருக்கிறது.

கழன்ற முகத்தில் பெயின்ட் இருக்கிறதா? உருக்கி ஒட்டும் பசை பெயின்டை மட்டும் உருக்கும். கத்தி நுனியால் சுரண்டி, வெறும் பிளாஸ்டிக் தெரிந்த பிறகு ஒட்டுங்கள்.

முகம் சுத்தம், ஆனாலும் பிடிக்கவில்லையா? பசைப் போத்தலைச் சோதியுங்கள். மூடி தளர்ந்த போத்தல் எங்கள் வெயிலில் ஒரு கோடையில் பலம் இழந்துவிடும். வெட்டி எறிந்த வார்ப்புச் சட்டத் துண்டில் ஒரு துளி விட்டு, இன்னொரு துண்டை அழுத்தி, மறுநாள் ஒடித்துப் பாருங்கள். ஒட்டிய இடம் அல்லாமல் பக்கத்தில் ஒடிந்தால் பசை நல்லது.

ஒட்டாத பாகம் வளையக்கூடிய இறப்பர் போன்றதா? அது வேறு பொருள். சங்கிலிப்பட்டைத் தலைப்புக்குப் போங்கள்.

ஹார்ட்வெயார் கடையில் கிடைக்கும் பிவிசி குழாய்ப் பசையைப் பாவிக்க வேண்டாம். ஒட்டத்தான் செய்யும், ஆனால் மெல்லிய தகட்டை உள்ளிருந்து இளக்கி, சில நாள் கழித்துப் பள்ளம் விழச் செய்யும். ரிவெட் (தகடுகளைப் பூட்டும் ஆணித் தலை) வரிசைக்கு நடுவே விழுந்த பள்ளத்தை யாராலும் நிமிர்த்த முடியாது.

சுப்பர் குளூ கண்ணில் தெறித்தால் பிரிக்க முயலாமல் நேரே வைத்தியசாலைக்குப் போங்கள். விரல்கள் ஒட்டிக்கொண்டால் சவர்க்காரம் கலந்த சுடுநீரில் ஊறவைத்து மெல்ல உருட்டிப் பிரிக்கலாம்.

## மேசையில் வைத்தால் தள்ளாடுகிறது

இரண்டு வேறு நிலைமைகளை ஒன்றாக நினைத்துப் பலர் நல்ல உடலை வளைத்துக் கெடுக்கிறார்கள்.

முன்னும் பின்னும் சமமாகத் தூக்கி, நடுவில் மட்டும் தரை தொடுகிறதா? அது பிழையே இல்லை. உண்மைத் தாங்கியின் அடிப்பக்கமும் அப்படித்தான் வில்லாக வளைந்திருந்தது. கடினமான தரையில் நடுப்பகுதியின் சிறு நீளமே தொடும்; சேற்றில் இறங்கும்போதுதான் பட்டையின் அதிக நீளம் பதியும். அதைத் தட்டையாக்க வேண்டாம்.

ஒரு மூலையை அழுத்தினால் எதிர் மூலை எழும்புகிறதா? உடல் முறுகியிருக்கிறது. கண்ணாடித் தகட்டின் மேல் வைத்து (மரமேசை வேண்டாம், எங்கள் ஈரத்தில் பலகை தானே வளைந்திருக்கும்) எழும்பும் மூலைக்கு அடியில் கடதாசியை மடித்து மடித்து நுழைத்துப் பாருங்கள்.

நுழைந்த மடிப்பு ஒரு தபாலட்டையின் தடிப்புக்குள் என்றால் பட்டை மறைத்துவிடும், விட்டுவிடலாம்.

அதற்கு மேலே என்றால், ஒட்டி ஒரு நாள் ஆகாத மூட்டா என்று பாருங்கள். ஆகவில்லை என்றால் மெல்லிய பசையை மூட்டின் வழியே மீண்டும் ஓடவிட்டு, இளகியதும் சதுரமாக்கி, இரண்டு பக்கமும் உடுப்புக் கிளிப் போட்டு, மேலே பாரம் வைத்து மறுநாள்வரை தொடாதீர்கள்.

காய்ந்த உடல் என்றால் மூட்டைக் கத்தியால் மெதுவாகக் கோடு போட்டுப் பிரிக்க வேண்டும். பிரித்த பக்கச் சட்டத்தைக் கண்ணாடியில் படுக்க வையுங்கள். சட்டமே வளைந்திருந்தால் கை பொறுக்காத சூடான நீரில் அரை நிமிடம் பிடித்து, கண்ணாடியில் அழுத்தி, அப்படியே குளிர்நீர் ஊற்றுங்கள். கொதிநீர் வேண்டாம்; ரிவெட்டுகள் மழுங்கிவிடும்.

களுவாஞ்சிகுடித் தம்பி ஒருவர் கொண்டுவந்த மார்க் 4 இந்த வகை. "அண்ணே, பெட்டியிலேயே கோணலாகத்தான் வந்தது" என்றார். பிரித்துப் பார்த்தோம். சட்டங்கள் இரண்டும் கண்ணாடியில் ஈ நுழையாமல் படுத்தன. உள்ளே குறுக்கே போகும் தடுப்புத் தகட்டின் காதில், வார்ப்புச் சட்டத்திலிருந்து வெட்டிய இடத்து முனை அரிசிக் குறுணி அளவு நீண்டு நின்றது. அதுதான் ஒரு பக்கத்தை வெளியே தள்ளியிருக்கிறது. சாண்ட் பேப்பரால் இரண்டு இழுப்பு, உடல் சதுரமானது. குறுக்குத் தகடுகளின் வெட்டு முனைகளைப் பசை தொடும் முன்பே விரலால் தடவிப் பார்ப்பவருக்கு இந்தத் தலைப்பே தேவைப்படாது.

நீரில் நிமிர்த்தியும் சட்டம் திரும்ப வளைகிறது என்றால் அதோடு போராட வேண்டாம். கட்டும் கையேட்டின் கடைசிப் பக்கத்தில் உதிரிப்பாகம் கேட்கும் படிவமோ முகவரியோ இருக்கும். வார்ப்புச் சட்டத்தின் எழுத்தையும் பாக இலக்கத்தையும் எழுதி உற்பத்தியாளரிடம் கேளுங்கள்.

## சங்கிலிப்பட்டை பொருந்தவில்லை

பட்டை குறுகிவிட்டது, முனைகள் சேரவில்லை

1. தகடுகளின் எண்ணிக்கையைக் கையேட்டோடு ஒப்பிடுங்கள்.
2. முன் சக்கரத்தை அசைத்துப் பாருங்கள். உண்மைத் தாங்கியில் இயக்கும் பற்சக்கரம் பின்னால் இருந்தது. பட்டையின் இறுக்கத்தை முன் சக்கரத்தை நகர்த்தியே சரிசெய்தார்கள். மாதிரியிலும் அதே வழிதான். முன் சக்கரத்தைப் பட்டை போடும்வரை ஒட்டாமல் வைத்திருந்தால் இந்தப் பிழையில் பாதி நடக்காது. ஒட்டியாயிற்று என்றால், அச்சைச் சுற்றி மெல்லிய பசை விட்டு இளக்கி ஒரு மயிரிழை பின்னுக்குத் தள்ளுங்கள்.
3. பட்டை உரசும் விளிம்பில் பெயின்ட் தடித்திருக்கிறதா பாருங்கள். சுற்றுப்பாதை முழுதும் சேரும்போது அந்தத் தடிப்பு ஒரு தகட்டு நீளத்தைத் தின்றுவிடும்.
4. இவை எல்லாம் முடிந்த பிறகே ஒரு தகட்டைச் சேர்க்க வேண்டும். மிச்சத் தகடு இல்லையென்றால் சேரும் இடத்தைப் பக்கக் கூண்டுக்குக் கீழே, சேறு பூசும் இடத்தில் வையுங்கள்.

பட்டை மேலே தொங்குகிறது

இரண்டாம் உலகப் போர்த் தாங்கிகளைப் பார்த்த கண் பட்டை தொய்வது அழகு என்று எண்ணும். இங்கே அது பிழை. மார்க் வகைகளில் மேலோடும் பட்டையை உடலே தாங்குகிறது. ரெனோவில் மேலே சிறு உருளைகள் கொண்ட சட்டம் ஒன்று சுருள்வில்லால் தூக்கப்பட்டுப் பட்டையை இறுக்கியே வைத்தது. ஆகவே ஒரு தகட்டைக் கழற்றுங்கள், அல்லது முன் சக்கரத்தை முன்னுக்குத் தள்ளுங்கள்.

இறப்பர் போன்ற பட்டையின் முனை ஒட்டவில்லை

பெட்டிக்குப் பெட்டி பொருள் வேறு. முனையில் ஒரு நறுக்கை வெட்டிச் சாதாரணப் பிளாஸ்டிக் பசையால் சோதியுங்கள். சில வகை அதற்கே ஒட்டும். ஒட்டவில்லை என்றால் சுப்பர் குளூ. அதுவும் வளைவில் விட்டுப்போனால் உள்பக்கம் தெரியாமல் கறுப்பு நூலால் இரண்டு தையல் போட்டு, முடிச்சில் சுப்பர் குளூ ஒரு துளி. முனைக் குமிழைச் சூடான திருப்புளியால் உருக்கித் தட்டுவது பழைய வழி. பலமானது, ஆனால் கைப்பழக்கம் வேண்டும். வெட்டிய துண்டில் பழகிய பிறகு செய்யுங்கள்.

பெட்டிக்குள் மடிந்து கிடந்த பட்டை நேராகவில்லை என்றால் சுடுநீரில் சில நிமிடம் போட்டு எடுத்து, நேராகக் கட்டித் தொங்கவிடுங்கள்.

தனித்தகடுகள் பிடிப்பில் முறிகின்றன

வார்ப்புச் சட்டத்திலிருந்து முறித்து எடுக்காமல் வெட்டி எடுங்கள். வெட்டும்போது இரண்டு தடவை: முதலில் தள்ளி, பிறகு ஒட்டி. இணைக்கும் ஊசிமுனையில் பெயின்ட் படக்கூடாது. பத்துப் பத்தாகச் சேர்த்து, ஒவ்வொரு பத்தையும் விரலில் சுற்றிப் பாருங்கள். அசையாத பட்டையே போதும் என்பவர் சேர்த்த வரிசைக்குப் பசை ஓடவிட்டு, அரை இளகலில் உடலைச் சுற்றி வளைத்துவிடலாம். மாதிரியை யாரும் உருட்டப் போவதில்லை, ஆகவே இதை நான் குறைவாக நினைப்பதில்லை.

பல தகடுகள் காணாமற்போயோ முறிந்தோ விட்டால் முப்பரிமாண அச்சில் செய்த மாற்றுப் பட்டையை வாங்கலாம். சில வேளை அது பெட்டி விலையையே நெருங்கும். விலை கேட்ட பிறகு முடிவெடுங்கள்.

## பக்கக் கூண்டுக்கும் உடலுக்கும் இடையே இடைவெளி

மெல்லிய கோடா, இடைவெளியா? மெல்லிய கோடு இருக்கத்தான் வேண்டும். கூண்டு தனியாகச் செய்து பூட்டியது. மார்க் 1இல் ரயிலில் ஏற்றக் கழற்றினார்கள், மார்க் 4இல் உள்ளே தள்ளினார்கள். அந்த மூட்டைப் புட்டியால் அடைத்து வழவழப்பாக்கினால் தாங்கி உயிரிழந்துவிடும்.

விரல் நகம் நுழையும் இடைவெளி என்றால் உடல் கோணல் சோதனைக்குத் திரும்புங்கள். உடல் சதுரமாக இருந்தும் இடைவெளி நின்றால் உள்பக்கம் மெல்லிய பிளாஸ்டிக் கீற்று ஒட்டிக் கூண்டை நகர்த்துங்கள். புட்டி கடைசி வழி. புட்டி பூசினால் இரு பக்கமும் டேப் ஒட்டிவிட்டுப் பூசுங்கள், ரிவெட் தப்பும்.

தேய்த்ததில் ரிவெட்டுகள் போய்விட்டன. வெள்ளை நிறப் பாடசாலைப் பசையை ஊசி நுனியில் எடுத்து, பென்சிலால் குறித்த இடத்தில் புள்ளி வையுங்கள். வைக்கும்போது பெரிய வெள்ளைக் குமிழாகத் தெரியும். காய்ந்ததும் சுருங்கித் தெளிந்து ரிவெட் அளவுக்கு இறங்கும். பிழைத்த புள்ளியை ஈரத் துணியால் துடைத்துவிடலாம். நீண்ட வரிசை என்றால் வெளியே தெரியாத உட்பாகத்திலிருந்து ரிவெட் தலைகளைக் கூரிய கத்தியால் சீவி எடுத்து நடலாம். ஒரு மாலை முழுதும் போகும், ஆனால் பிரைமர் (அடிப்பூச்சு) பூசிய பிறகு உற்பத்தியாளரின் ரிவெட் எது உங்களுடையது எது என்று தெரியாது.

மார்க் 1இன் கூரையில் கைக்குண்டு தடுக்கும் கம்பி வலை கொண்ட சட்டம் வைத்தார்கள். பெட்டியில் வந்த வலை கிழிந்துவிட்டதென்றால் 1/35க்கு அறுகோணக் கண் உள்ள பழைய நுளம்பு வலை நன்றாகப் பொருந்தும். 1/72க்குக் கண் பெரிது, பாவிக்க வேண்டாம்.

## பெயின்ட் சரியாக வரவில்லை

இங்கே எங்கள் காலநிலைதான் முதற் காரணம். மாரியிலும் வறண்ட கச்சான் காற்றிலும் பிழைகள் நேரெதிராக வரும். மாரிக்குச் சொன்ன மருந்தைக் கச்சானுக்குக் கொடுத்தால் கூடும்.

வெண்பனி போல வெளுத்துவிட்டது. கார்த்திகை, மார்கழி மழைக்காலத்தில் லக்கர் பெயின்ட் அடித்தால் வருவது. தின்னர் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்கிறது. ஈரமில்லாத ஒரு முற்பகலில் வெறும் தின்னரை மிக மெல்லிய தூவலாக அடியுங்கள். பெரும்பாலும் நிறம் திரும்பிவிடும். திரும்பாவிட்டால் உலர்வதைத் தாமதிக்கும் ரிட்டாடர் சேர்த்த தின்னரால் ஒரு தூவல். மழை பெய்யும்போது அடிக்கவே வேண்டாம்.

மணல் தூவியது போலச் சொரசொரப்பு. ஆனி, ஆடியில் கச்சான் அடிக்கும்போது பெயின்ட் துளி வழியிலேயே காய்ந்து விழுகிறது. அதிகாலையில், சன்னலை மூடி, கிட்ட நின்று அடியுங்கள். இங்கேயும் ரிட்டாடர் உதவும். வந்துவிட்ட சொரசொரப்பை 1500ஆம் இலக்கச் சாண்ட் பேப்பரை நனைத்து மெல்லத் தேயுங்கள், ரிவெட் தலைகளை விட்டுவிட்டு.

நாட்கணக்கில் பிசுபிசுக்கிறது. எனாமலைக் கலக்காமல் மேல் எண்ணெயை மட்டும் பூசியிருப்பீர்கள், அல்லது தடிப்பாகப் பூசியிருப்பீர்கள். மூடியுள்ள பிஸ்கட் டின்னில் சிலிக்கா ஜெல் பைகளோடு வைத்து ஒரு கிழமை பொறுங்கள். அதற்கும் காயாவிட்டால் கழுவி எடுக்க வேண்டும்.

டேப்போடு உரிந்து வருகிறது. அடியில் பிரைமர் இல்லை, அல்லது பாகம் கழுவப்படவில்லை.

கழுவி எடுக்கும் முறை: அக்ரிலிக் என்றால் பார்மசியில் கிடைக்கும் ஐசோபுரொப்பைல் அல்கஹோல். பிடிவாதமான பெயின்டுக்கு டெட்டோலில் இரவு முழுதும் ஊறவையுங்கள். டெட்டோலில் ஊறியதை டெட்டோலிலேயே தேய்த்து முடித்த பிறகுதான் தண்ணீர் காட்ட வேண்டும். இடையில் தண்ணீர் பட்டால் பெயின்ட் பாகு போலாகி ரிவெட் இடுக்கில் உட்கார்ந்துவிடும். கியூடெக்ஸ் ரிமூவரும் கார் பெயின்ட் தின்னரும் பெயின்டோடு பிளாஸ்டிக்கையும் கரைக்கும். அவற்றில் ஊறவைத்த உடலைக் காப்பாற்ற வழியில்லை.

எயார் பிரஷில் தண்ணீர்த் துளி தெறிக்கிறது என்றால் கொம்பிரஸரின் நீர் வடிகட்டியைத் திறந்து வடியுங்கள். வடித்தும் தெறித்தால், அழுத்தம் ஏறி இறங்கினால், நீங்கள் கழற்ற வேண்டாம். வாகனப் பெயின்ட் கராஜில் கொம்பிரஸர் திருத்துபவரை வைத்திருப்பார்கள், அவரிடம் காட்டுங்கள்.

நிறத்தைப் பற்றி ஒரு சொல்: 1916 செப்டெம்பர் 15இல் பிரான்சின் ஃப்ளேர்ஸ் அருகே முதன்முதல் இறங்கிய மார்க் 1களுக்கு ஓவியர் சொலமன் ஜே. சொலமன் வகுத்த பல நிறப் பூச்சு இருந்தது. மார்க் 4 பொதுவாக ஒரே காக்கிப் பழுப்பு.

## டெக்கால் வெள்ளி போல மினுங்குகிறது

டெக்கால் என்பது நீரில் ஊறவைத்து ஒட்டும் அடையாளப் படம். மங்கலான மேற்பரப்பின் சொரசொரப்புக்குள் காற்று அகப்பட்டிருக்கிறது. ஒட்டும் முன்பே பளபள வார்னிஷ் பூச வேண்டும். ஒட்டியாயிற்று என்றால் ஊசியால் நுண்துளைகள் குத்தி, டெக்கால் இளக்கும் திரவம் விட்டு, நனைந்த பஞ்சால் அழுத்துங்கள்.

நீரில் போட்டதும் துண்டுதுண்டாகிறது என்றால் பெட்டி சூட்டில் இருந்திருக்கிறது. மிச்சத் தாளின் மேல் வார்னிஷ் ஒரு பூச்சுப் பூசி, காய்ந்த பின் உருவத்தை ஒட்டி வெட்டிப் பாவியுங்கள்.

வெள்ளை, சிவப்பு, வெள்ளை அடையாளப் பட்டைகள் 1918இல் வந்தவை. பெட்டியில் இருக்கிறதே என்று கம்ப்ராய்த் தாங்கியில் ஒட்ட வேண்டாம்.

## மோட்டார் ஓடவில்லை

இது மோட்டார் பூட்டிய மாதிரிகளுக்கு. பற்றரியை மாற்றுங்கள். தொடுதகடுகளில் பச்சை படிந்திருந்தால், கடற்கரையோர வீடுகளில் இது சீக்கிரம் வரும், சாண்ட் பேப்பரால் தேய்த்து எடுங்கள். மோட்டாரைத் தனியே பற்றரியில் தொட்டுப் பாருங்கள். தனியே ஓடி உள்ளே ஓடவில்லை என்றால் பட்டை மிக இறுக்கம் அல்லது பற்சக்கரத்தில் பசை. தனியேயும் ஓடவில்லை என்றால் மோட்டார் போயிற்று. விளையாட்டுப் பொருள் திருத்துபவரிடம் அதே அளவு சிறு மோட்டார் கிடைக்கும். கம்பி பற்றவைக்கத் தெரியாதவர் அவரிடமே கொடுங்கள்.

## முடித்து அலுமாரியில் வைத்த பிறகு கெடுகிறது

சேறு வியர்க்கிறது, வெண்பொடி பூக்கிறது. வாவிக்கரைச் சேற்றைப் பூசியிருப்பீர்கள். அதில் உப்பு உண்டு. மாரியில் ஈரம் இழுக்கும், கோடையில் பூக்கும். சுரண்டி, ஈரத் துணியால் துடைத்து எடுங்கள். தாங்கிகள் ஓடிய பிரான்சின் சோம் பகுதியின் நிலம் சுண்ணம் கலந்தது, காய்ந்தால் வெளிறித் தெரியும். வெள்ளைச் சோக்குத் தூளில் பழுப்பு நிறப்பொடி சேர்த்து, மங்கலான வார்னிஷில் குழைத்துப் பூசுங்கள். நிறமும் பொருந்தும், உப்பும் இல்லை.

பட்டை தொட்ட இடத்தில் பிளாஸ்டிக் இளகி ஒட்டுகிறது. சில பழைய வினைல் பட்டைகளிலிருந்து கசியும் எண்ணெய் பிளாஸ்டிக்கைக் கரைக்கும். வெயில்படும் சன்னலோரம் இதை விரைவாக்கும். உடனே பட்டையைக் கழற்றி, பாதித்த இடத்தை நன்றாகக் காயவிட்டுத் தேய்த்து, பட்டை உரசும் பாதை முழுதும் பெயின்ட் இரண்டு பூச்சுப் பூசிய பிறகே மீண்டும் போடுங்கள். உள்ளே ஆழமாகக் கரைந்துவிட்டால் அந்தப் பட்டையைத் திரும்பப் போட வேண்டாம். மாற்றுப் பட்டைக்கு இங்கே செலவழிப்பது நியாயம்.